நோய் வராத ஐந்து பேர் மீதான நடவடிக்கைகள்

உலகம் முழுவதும் நோய் பரவியபோது அது எட்டிப் பார்க்காத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. அந்த இடம் எங்கள் இயக்ககத்தின் நிர்வாகக் கட்டுப்பாட்டில் இருந்தது. அதற்கு நேர்ந்த துரதிருஷ்டம் அவ்வளவுதான். நோயிடமிருந்து தப்பிய அது எங்களிடமிருந்து தப்பவில்லை.

எங்கள் அலுவலகத்துக்குத் துருவ ஆராய்ச்சி இயக்ககம் என்று பெயர். மூன்று மாடி, நூற்றுப் பத்து நாற்காலி, பழுதான ஒரு லிஃப்ட். பூமியின் தென்கோடியில் பனிப்பாறை மேல் எங்களுக்கு ஒரு நிலையம் உண்டு. சிவப்புப் பெயின்ட் அடித்த இரண்டு கொட்டகைகள். ஒன்றில் தூங்குவார்கள், இன்னொன்றில் வேலை பார்ப்பார்கள். நடுவில் நாற்பது அடி தூரம். பனிப்புயலில் வழி தவறாமல் இருக்க ஒரு கயிறு கட்டியிருக்கும். அங்கே ஐந்து பேர். தலைவியாக இருந்தவர் பனிக்கட்டியின் ஆழத்து வெப்பநிலையை அளக்கும் விஞ்ஞானி. அலுவலகத்தில் அவரைப் பனியம்மா என்போம். மற்றவர்கள் ஒரு டாக்டர், ஒரு மெக்கானிக், ஒரு சமையல்காரர், வானிலை குறிக்கும் ஒருவர். அவர்களுக்கு மிக அருகில் இருக்கும் அடுத்த மனிதன் தொள்ளாயிரம் மைல் தள்ளி இருந்தான்.

வருஷத்துக்கு ஒரு தடவை, கடல் மேல் இருக்கும் பனி விரிசல் விடும் இருபது நாட்களில், ஒரு கப்பல் போகும். அதில் ஏறினால் வீடு. தவறவிட்டால் இன்னொரு வருஷம் பனிதான். பனியம்மா கிளம்பும்போது அவர் மகளுக்கு ஐந்து வயது. "கப்பல் வரும், அம்மா வருவேன்" என்று குழந்தைக்குச் சொல்லிவிட்டுப் போனார். குழந்தை அதை நம்பியது. பனியம்மாவும் நம்பினார். எங்கள் இயக்ககத்தில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தும் இப்படி நம்பியது அவர் தப்பு.

நான் சுற்றறிக்கைப் பிரிவில் தட்டச்சர். மேலே இருப்பவர் சொல்வதைக் கீழே இருப்பவருக்கு எழுத்துப் பிழையில்லாமல் சேர்ப்பது என் கடமை. எனக்கென்று அபிப்பிராயம் கிடையாது. இருந்தாலும் அலுவலக நேரத்தில் கிடையாது.

அவர்கள் போய் ஐந்தாவது மாதம் நோய் வந்தது. ஊரடங்கு வந்தது. "அனைத்துப் பணியிடங்களுக்கும்" என்று தலைப்பிட்ட பேராணை மேலிடத்திலிருந்து வந்து சேர்ந்தது. இயக்குநர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எங்கள் இயக்குநர் பனியை நேரில் கண்டது குளிர்பதனப் பெட்டியில் மட்டும். ஏ.சி.யை இருபத்தாறுக்குக் கீழே வைத்தால் அவருக்குத் தும்மல் வரும்.

"நிலையம் பணியிடமா, இல்லையா?" என்றார்.

"பணியிடம்தான் சார்."

"அப்ப இதை அங்கயும் அனுப்பு."

"சார், அங்கதான் நோயே இல்லையே."

"இல்லைன்னு சர்டிபிகேட் இருக்கா?"

"இல்ல சார்."

"சர்டிபிகேட் இல்லாம எப்படிய்யா நோய் இல்லைன்னு சொல்றே? படிச்சவன்தானே நீ?"

படித்தவன்தான். ஆகவே அனுப்பினேன்.

முகக்கவசம் பற்றிய பிரிவில் சிக்கல் ஏதும் வராது என்று எண்ணினோம். மைனஸ் நாற்பது டிகிரியில் அவர்கள் கண்ணைத் தவிர எல்லாவற்றையும் ஏற்கெனவே மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அது கம்பளி. ஆணையில் இருந்தது மூன்றடுக்குப் பருத்தி. "கம்பளி முகக்கவசம் அங்கீகரிக்கப்பட்டதல்ல; விளக்கம் தருக" என்று முதல் குறிப்பாணை போயிற்று.

அடுத்தது வருகைப் பிரிவு. பணியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊழியர்தான் இருக்கலாம். ஐந்து பேரில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒன்றும் மூன்றில் இரண்டும். முழு எண்ணாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தணிக்கையில் பதில் சொல்ல முடியாது என்றார் இயக்குநர். ஆகவே ஒருவர் முழு நாளும், இன்னொருவர் நாளில் மூன்றில் இரண்டு பங்கும் வேலைக் கொட்டகைக்கு வரலாம் என்று உத்தரவாயிற்று. அலுவல் பேச்சுக்கு மட்டுமே அனுமதியுள்ள செயற்கைக்கோள் தொலைபேசியில் பனியம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒரு நாள்ல மூணுல ரெண்டு பங்குன்னு போட்டிருக்கே. இங்க சூரியன் உதிச்சு ஒன்றரை மாசம் ஆச்சு. நாள்னு எதைச் சொல்றாங்க?"

"பத்துலேர்ந்து அஞ்சே முக்கால் வரைக்கும், மேடம்."

"மத்த மூணு பேரும் என்ன பண்றது?"

"வீட்டிலிருந்து பணி."

"சரி. படுக்கிற கொட்டகைல உக்காந்து பண்றோம்."

அப்படிச் செய்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இயக்குநர் பணிப்பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார். பனியம்மாவின் வீட்டு விலாசம் அதில் தெளிவாக எழுதியிருந்தது. எங்கள் ஊரில், கண்ணாடிக் கடைத் தெருவில், இரண்டாம் மாடி. படுக்கிற கொட்டகை வீடு அல்ல. அது அரசுச் சொத்து. ஆக, வீட்டிலிருந்து பணிபுரிய வேண்டியவர் வீட்டில் இல்லை. ஊரடங்கு நேரத்தில் வெளியே இருக்கிறார். அதுவும் எண்ணாயிரம் மைல் வெளியே.

"அவங்க ஊரடங்குக்கு முன்னாடியே போயிட்டாங்க சார்" என்றேன்.

இயக்குநர் கண்ணை இடுக்கினார். "அதான்யா எனக்கும் இடிக்குது. முன்னாடியே எப்படிப் போனாங்க? வரப்போகுதுன்னு யாரு சொன்னது?"

அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். குறிப்பாணை போயிற்று. "கடல் உறைந்திருக்கிறது, கப்பல் வந்த அன்றே கிளம்பி வருகிறேன்" என்று பனியம்மா பதில் எழுதினார். இயக்குநர் ஓரத்தில் சிவப்பு மையால் 'இயற்கையைக் காரணம் காட்டுவது ஏற்கத்தக்கதல்ல' என்று எழுதினார். பனிக்கட்டி ஆராய்ச்சிக்கென்று சம்பளம் வாங்கும் அலுவலகத்தில் இந்த வாக்கியம் எழுதப்பட்டது.

அந்த வருஷம் நலவாழ்வுக்கு மவுசு வந்திருந்தது. நோய்க்கு மருந்து கிடைக்காத இடத்திலெல்லாம் நலவாழ்வு கிடைத்தது. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு நலவாழ்வு அலுவலர் முளைத்தார். எங்கள் இயக்ககத்துக்கு இயக்குநரின் மனைவியுடைய தம்பி கிடைத்தார். அதற்கு முன் அவர் நீச்சல்குளங்களுக்குத் தரை ஓடு விற்றவர். ஏழு நாள் இணையவழிப் பயிற்சியில் மனித மனத்தை அடிமுதல் நுனிவரை படித்து முடித்திருந்தார். முகத்துக்கு நேரே சார் என்போம். முதுகுக்குப் பின்னால் மச்சான்.

நிலையத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் செயற்கைக்கோள் வழியாக முகம் பார்த்துப் பேசும் வசதி உண்டு. வியாழக்கிழமை தோறும் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம் வீட்டாரோடு பேசுவார்கள். மச்சான் அந்த ஒரு மணி நேரத்தை நலவாழ்வு வகுப்புக்கு எடுத்துக்கொண்டார். நான் வகுப்பின் நடவடிக்கைகளைக் குறிப்பெடுக்கப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டேன்.

"சார், அது என் பொண்ணோட பேசற நேரம்" என்றார் பனியம்மா. திரையில் அவர் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. "பன்னண்டு நிமிஷம்தான். அவ பல்லு ஆடுதுன்னு போன வாரம் சொன்னா. விழுந்துடுச்சான்னு கேக்கணும்."

மச்சான் பரிவோடு சிரித்தார். சிரிப்பது பாடத்திட்டத்தில் இருந்தது. "மேடம், மன அழுத்தத்துக்கு மூல காரணமே வீட்டு நெனப்புதான். அதைத்தான் எடுத்துட்டோம். இப்ப எல்லாரும் கண்ணை மூடுங்க. நீங்க ஒரு தனியான இடத்துல இருக்கீங்க. சுத்திலும் வெள்ளை. மனுஷ வாடையே இல்ல. ஒரு சத்தம் இல்ல. மெதுவா மனசால அந்த இடத்தைப் பாருங்க."



"சார்," என்றார் மெக்கானிக், "கண்ணைத் திறந்துகிட்டே பார்க்கலாமா?"

அடுத்த வகுப்பில் ஜன்னலைத் திறந்து வெளிக்காற்றை ஆழமாக இழுக்கச் சொன்னார். டாக்டர், இழுத்தால் நுரையீரல் உறைந்துவிடும் என்றார். எதிர்மறைச் சிந்தனை என்று மச்சான் என்னைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். வகுப்பின் முடிவில் எல்லாரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 'நகர நெரிசலிலிருந்து விலகி இருக்கிறீர்களா?' ஆம். 'இயற்கையோடு நேரம் செலவிடுகிறீர்களா?' ஆம். 'தேவையற்ற தொலைபேசி உரையாடல்களைக் குறைத்துவிட்டீர்களா?' இதற்கு ஐந்து பேரும் எதுவும் எழுதாமல் விட்டார்கள். உண்மை தெரிந்தவன் என்ற முறையில் நானே ஆம் போட்டேன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வந்தது. எங்கள் துருவ விஞ்ஞானிகள்தான் நாட்டிலேயே மகிழ்ச்சியான அரசு ஊழியர்கள் என்று இயக்குநர் பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தார். அது வெளிவந்த வாரம் பனியம்மா, யாரிடமும் சொல்லாமல், குளிப்பதையும் தலை வாருவதையும் நிறுத்தியிருந்தார் என்று டாக்டர் பின்னால் என்னிடம் சொன்னார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பல் விழுந்த விஷயம் அவருக்குப் பத்து வாரம் கழித்துத்தான் தெரிந்தது. நான்தான் சொன்னேன்; அவர் கணவர் கொடுத்த மனு ஒன்றில் அது இருந்தது. குறிப்பாணை ஒன்றுக்குப் பதில் கேட்கக் கூப்பிட்டபோது, கடைசியில் அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.  "மேல் பல்லா, கீழ்ப் பல்லா?" என்று மட்டும் கேட்டார்.

எப்படியோ கப்பல் கிளம்பும் மாதம் வந்தது. கப்பலில் ஏறும் எவரும் நோயில்லைச் சான்றிதழ் காட்ட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கூடம் தர வேண்டும். மாதிரி எடுத்த ஆறு மணி நேரத்தில் ஆய்வுக்கூடம் சேர வேண்டும். சான்றிதழ் மூன்று நாள் செல்லும். நிலையத்திலிருந்து மிக அருகிலுள்ள ஆய்வுக்கூடத்துக்குக் கப்பல் பயணம் இருபத்தாறு நாள்.

"அங்கயே ஒரு டாக்டர் இருக்காரே சார்" என்றேன். "அவரு பார்த்துக் கையெழுத்துப் போட்டா?"

"அவருக்கே நோய் இருக்கா இல்லையான்னு தெரியலை. பரிசோதிக்கப்பட வேண்டிய ஆளு பரிசோதிக்கலாமா? என்னய்யா பேச்சு இது?"

உயர்மட்டக் குழு கூடியது. கிளம்புவதற்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழ் வாங்குவதற்குக் கிளம்ப வேண்டும் என்று குழு சரியாகவே கண்டறிந்தது. நான்கு அமர்வுகளுக்குப் பிறகு, 'சம்பந்தப்பட்டவர்கள் விஞ்ஞானிகள் ஆதலால் இதற்கு ஒரு தீர்வை அவர்களே கண்டுபிடிக்கலாம்' என்று தீர்மானித்துத் தேநீர் குடித்துக் கலைந்தது.

கப்பல் மட்டும் போயிற்று. ஒரு வருஷத்துக்கான சாப்பாட்டுப் பெட்டிகளோடு, கை கழுவும் திரவம் நாற்பது பெட்டி, 'கூட்டம் கூடாதீர்' என்ற அறிவிப்புப் பலகை பன்னிரண்டு. பனி விளிம்பில் நின்றபடியே கிரேன் எல்லாவற்றையும் கீழே இறக்கியது. மாலுமிகள் இறங்கவில்லை, நிலையத்துக்காரர்கள் ஏறவில்லை. கேப்டன் எங்களுக்குத் தந்தி மாதிரி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: 'சான்றிதழ் அல்லது விலக்காணை வந்தால் ஐவரையும் ஏற்றத் தயார். வெள்ளி மாலை வரை நிற்பேன். பிறகு பனி மூடிவிடும்.' கப்பல் நிலையத்தின் ஜன்னலிலிருந்து தெரியும் தூரத்தில் நின்றது. பனியம்மா பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார் என்று சமையல்காரர் சொன்னார்.

புதன்கிழமை பனியம்மாவின் கணவர் அலுவலகத்துக்கு வந்தார். மூக்குக் கண்ணாடிக்குச் சில்லு தேய்த்துப் பொருத்தும் தொழில் அவருக்கு. ஒன்பது மனுப் போட்டிருந்தார். ஒன்பதும் கிணற்றில் போட்ட கல். வெளியாரை உள்ளே விடக்கூடாது என்பதால் வாயில் காவலாளியின் கூண்டில், விசிறிக்குக் கீழே, மகளோடு உட்கார்ந்திருந்தார். நான் இறங்கிப் போனேன்.

"சார், வெள்ளிக்கிழமை கப்பல் போயிடுமாமே" என்றார். "யாரைப் பார்க்கணும்னு சொல்லுங்க. கால்ல வேணும்னாலும் விழறேன். இவ தெனம் கேக்கறா. இன்னும் ஒரு வருஷம்னு என்னால சொல்ல முடியாது சார். எனக்கே தாங்காது."

குழந்தை சலித்துப்போய் வரைவதற்குத் தாள் கேட்டது. என் கோப்பில் மேலாக இருந்த ஒரு தாளைக் கொடுத்தேன். அது அந்தப் பழைய பேராணையின் அலுவலக நகல்தான். ஓரமெல்லாம் அழுக்கேறிப் பதினேழு அதிகாரிகள் 'படித்துப் பார்த்தேன்' என்று கையெழுத்திட்டிருந்தார்கள். குழந்தை அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டியது.

"இதுல வரைய முடியாது மாமா. இந்தப் பக்கமும் எழுதியிருக்கு."

காகிதச் சிக்கனம் என்று, பேராணை வந்த மாதம்தான் எங்கள் அலுவலகத்தில் புது அச்சு இயந்திரம் வாங்கியிருந்தார்கள். அது தானாகவே இரண்டு பக்கமும் அடிக்கும். இது இயந்திரத்துக்குத் தெரியும், எங்களுக்குச் சொல்லப்படவில்லை. கணவர் தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். 'இருபத்தெட்டு நாட்களுக்கு மேல் வெளித்தொடர்பின்றி இருக்கும் எவருக்கும், எவ்விடத்துக்கும், இவ்வாணையின் எந்தப் பிரிவும் பொருந்தாது.' அவர்கள் ஒரு வருஷமாக அப்படித்தான் இருந்தார்கள்.

கணவர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். என் முகத்தையே பார்த்தார். நான் தாளைப் பிடுங்கிக்கொண்டு மூன்று மாடியும் ஓடினேன். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அலுவலகத்துக்குள் நான் ஓடியது அன்றுதான்.

இயக்குநர் பின்பக்கத்தைப் படித்தார். பிறகு தாளைத் திருப்பி முன்பக்கம் மேலே இருக்கும்படி மேஜைமேல் வைத்தார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"அந்த அம்மாவோட வீட்டுக்காரருக்குத் தெரியும். குழந்தைக்கும் தெரியும் சார். அதுதான் கண்டுபிடிச்சது."

"பதினேழு பேர் பார்க்காததைக் குழந்தை பார்த்துச்சுன்னு வெளிய சொல்லுவியா?"

"சார், கப்பல் இன்னும் நிக்குது. விலக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஒரு போன்."

"போன்ல சொன்னா அது பேச்சுய்யா, ஆணை இல்ல. ஆணைன்னா திருத்தாணை போடணும். திருத்தாணைக்குக் கமிட்டி கூடணும். கமிட்டி திங்கக்கிழமை."

"கப்பல் வெள்ளிக்கிழமை போயிடும் சார்."

"கப்பல் போறது கப்பல்துறை சமாசாரம். திங்கக்கிழமைதான் நம்ம சமாசாரம்."

செயற்கைக்கோள் தொலைபேசியின் சாவி என் மேஜை இழுப்பறையில் இருந்தது. கேப்டனின் எண் எனக்கு மனப்பாடம். அந்தப் பத்தியில் இருந்தது ஒரே வாக்கியம். படித்துக் காட்ட அரை நிமிஷம் ஆகும். ஆனால் அனுமதி எண் எழுதாமல் அந்தத் தொலைபேசியைத் தொடக்கூடாது. எனக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. கீழே போய், "திங்கக்கிழமை நிச்சயம் ஆயிடும்" என்று கணவரிடம் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். ஒருவரையொருவர் தொடக்கூடாது என்ற விதி அப்போது எங்கள் இருவருக்குமே மறந்துவிட்டது. திங்கள் வெள்ளிக்குப் பின்னால் வருகிறது என்பது அவருக்கு வீட்டுக்குப் போன பிறகு தோன்றியிருக்கும். 

வெள்ளி மாலை கப்பல் கிளம்பியது. புகை மறையும் வரை பனியம்மா பனிமேல் நின்றாராம். கையைக்கூட அசைக்கவில்லையாம். பிறகு பெட்டியை அவரே உள்ளே தூக்கிக்கொண்டு போனாராம்.

திங்களன்று குழு கூடி, வரலாறு காணாத வேகத்தில், இருபதே நிமிஷத்தில் திருத்தாணையை நிறைவேற்றியது. பின்பக்கத்துப் பத்தி நிலையத்துக்குப் பொருந்தும். ஆனால் இன்றிலிருந்து பொருந்தும் என்றால், இதுவரை ஏன் பொருந்தவில்லை என்ற கேள்வி வரும். ஆகவே முன்தேதியிட்டு, பேராணை வந்த நாளிலிருந்தே பொருந்தும் என்று எழுதினார்கள். இதனால் எங்கள் தரப்பில் தவறே நடக்காமல் போயிற்று. எல்லாரும் மூச்சு விட்டோம்.

முன்தேதி என்பது லேசான விஷயம் இல்லை. ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். விலக்கு முன்பே இருந்தது என்றால், வெள்ளிக்கிழமை அந்த ஐவரும் கப்பலில் ஏறத் தடை இருந்திருக்காது. தடை இல்லாதவர்கள், கேப்டனும் தயாராக இருந்த நிலையில், ஏறாமல் இருக்கக் காரணம் இல்லை. காரணம் இல்லாத ஒன்று நடந்ததாகக் கோப்பில் எழுத முடியாது. எனவே அவர்கள் ஏறிவிட்டார்கள். நானே தட்டச்சு செய்தேன். ஆளில்லாத நிலையத்துக்கு நலவாழ்வு வகுப்பு எதற்கு என்று வகுப்பு நிறுத்தப்பட்டது. வகுப்பு இல்லாதபோது அந்த ஒரு மணி நேரம் எதற்கு என்று அதுவும் ரத்தாயிற்று. கணவரின் ஒன்பது மனுக்களுக்கும் சேர்த்து ஒரே பதில் போயிற்று: 'தங்கள் மனைவி வீடு திரும்பிவிட்டபடியால் மனுக்கள் முடித்துவைக்கப்படுகின்றன.' நலவாழ்வில் முதலிடம் பெற்றதற்காகவும், நிலையத்தில் ஒருவருக்குக்கூட நோய் வராமல் காத்ததற்காகவும் இயக்குநருக்குக் கேடயம் கொடுத்தார்கள். நாங்கள் நூற்றுப் பத்து பேரும், ஆறடி இடைவெளி விட்டு, கை தட்டினோம். நானும் தட்டினேன்.

கோப்பின்படி கப்பல் இருபத்தாறாம் நாள் வந்து சேர்ந்தது. கடல் கடந்து வருபவர்களின் பட்டியல் வழக்கப்படி சுகாதாரத் துறைக்குப் போயிற்று. வந்தவர் பதினான்கு நாள் வீட்டிலேயே தனித்திருக்க வேண்டும். வாசலில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். துறைப் பிரதிநிதி ஒருவர் கூடப் போய் ஆளை அடையாளம் காட்ட வேண்டும். பிரதிநிதியாக என்னை அனுப்பினார்கள். சுகாதார ஆய்வாளர் ஒரு பேரேட்டையும் பசை வாளியையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

கண்ணாடிக் கடைத் தெருவில் நாங்கள் மாடி ஏறுவதற்குள் அக்கம்பக்கத்துக் கதவுகளெல்லாம் திறந்துவிட்டன. ஆய்வாளரின் வாளியைப் பார்த்ததுமே அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"வந்துட்டாங்களா? அதானே பார்த்தேன்" என்றாள் எதிர்வீட்டு அம்மாள். "நேத்து மாடில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"இருமல் சத்தம் கேட்டுது சார்" என்றார் கீழ்வீட்டுக்காரர். "பொம்பளை இருமல்தான். எங்களுக்கும் குழந்தை குட்டி இருக்கு. சீக்கிரமா ஒட்டுங்க."

"குளிர்ல இருந்து வந்தவங்களாச்சே, சும்மா ஜன்னலைத் திறந்து போட்டுக்கிட்டு நிக்கிறாங்க" என்றார் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர். "நான் குரூப்புல அன்னிக்கே போட்டேன். படிக்காத ஜனங்கன்னாலும் பரவாயில்ல, விஞ்ஞானியே இப்படிப் பண்ணலாமா?"

ஆய்வாளர் அவர்களுடைய வாக்குமூலத்தைப் பேரேட்டில் குறித்துக்கொண்டார். மூன்று சாட்சி, ஒன்றுக்கொன்று முரண் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அலுவலக நேரம்.

கணவர் கதவைத் திறந்தார். மகள் அவர் பின்னால், தரையில் பழைய கண்ணாடிச் சில்லுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல எத்தனை பேர்?" என்றார் ஆய்வாளர்.

"ரெண்டு பேர். நானும் பொண்ணும்."

"மூணுன்னு இருக்கே. உங்க சம்சாரம் எங்க?"

"தென் துருவத்துல சார்."

ஆய்வாளர் பேனாவை மூடினார். "இங்க பாருங்க. இவங்க வந்துட்டாங்கன்னு அவங்க ஆபீசே எழுதிக் கொடுத்திருக்கு. தெருவுல மூணு பேர் பார்த்திருக்காங்க. வந்தவங்க வீட்டுல இல்லைன்னா, தனிமைல இருக்க வேண்டியவங்க தப்பிச்சு ஓடிட்டாங்கன்னு அர்த்தம். நான் கேஸ் எழுதணும். வேலை போயிடும். அப்புறம் அவங்க பேர் அந்த ஆபீஸ்ல இருக்காது. ஆபீஸ்ல பேர் இல்லாத ஆளை எந்தக் கப்பல் போய்க் கூட்டிட்டு வரும்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் புதன்கிழமை என் கையைப் பிடித்த அதே மனிதர். நான் பேரேட்டைப் பார்த்தேன். எதிர்வீட்டு அம்மாள் நன்றாகக் கேட்பதற்காகப் படிக்கட்டில் ஒரு படி மேலே ஏறி வந்தாள்.

"உள்ள தூங்கறாங்க சார்" என்றார் கணவர்.

ஆய்வாளர் மூன்று என்று எழுதினார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். தரையில் உட்கார்ந்திருந்த குழந்தை தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தது. பிறகு சில்லுகளையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடியது.

அந்த வீட்டில் இரண்டே அறைகள்தான். நாங்கள் கதவில் பசை தடவி அறிவிப்பை ஒட்டி முடிப்பதற்குள் குழந்தை இரண்டையும் மூன்று தடவை தேடிவிட்டது.